ஓடுகிற தண்ணீரில் விட்டது

வாசுதேவநல்லூரிலிருந்து எனக்குப் பூ வைக்க வந்த ஞாயிற்றுக்கிழமை, வேறொருவரோடு நடக்காமல் போன என் கல்யாணத்தின் தாம்பூலப் பைகள் ஒரு சாக்கு நிறைய எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மொத்தம் எழுபத்து மூன்று பைகள். கொண்டுவந்தவர்கள் கடற்கரை ஊர்க்காரர்கள். சங்கரன்கோவிலில் இருக்கிற உங்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டிருந்தால், அன்று காலை பத்தரை மணி வரை ஒன்றுமில்லை என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

என் பெயர் சங்கரேஸ்வரி. வயது முப்பது. இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்று, வாரிசுச் சான்று, இருப்பிடச் சான்று என்று ஊரில் பாதிப் பேருக்கு அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பதை அச்செடுத்துக் கொடுப்பது நான்தான். என்னைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்லக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

உண்மை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு கார்த்திகை மாதத்தில் எனக்கும் ராயகிரி காசிராஜனுக்கும் கல்யாணம் வைத்திருந்தது. மண்டபம் பேசி, பத்திரிகை கொடுத்து, சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. மூன்று நாள் இருக்கும்போது காசிராஜன் கோயம்புத்தூரில் தன்னோடு வேலை பார்த்த பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக நிற்கிற படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படம் தெளிவாகத்தான் இருந்தது. அப்பா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது காசிராஜனாகத்தான் இருந்தது.

சமையல்காரரை வேண்டாம் என்றோம். மண்டபத்துக்காரரை வேண்டாம் என்றோம். தாம்பூலப் பையை மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலமே பிரஸ் வைத்திருக்கிற முகம்மது இஸ்மாயில் அண்ணாச்சி லோடு ஆட்டோவில் ஆயிரம் பையை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. நல்ல மஞ்சள் நிறம். ஒரு பக்கம் சங்கரநாராயணசாமி படம், அதன் கீழே காசிராஜன் - சங்கரேஸ்வரி, தேதி, அதற்கும் கீழே 'நல்வரவுக்கு நன்றி, மகாராஜன் - மாடத்தி, சங்கரன்கோவில்' என்று அப்பா, அம்மா பெயர். மறுபக்கம் 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வாசகத்துக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை என்று இஸ்மாயில் அண்ணாச்சி சொன்னார். துணி மாதிரி இருக்கும், ஆனால் துணி கிடையாது. தீக்குச்சியைக் காட்டினால் சுருண்டு உருகி ஒழுகும். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்றைக்கே ஒன்றை நான் கொளுத்திப் பார்த்தேன்.

அம்மா ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

"சாமி படம் இருக்குட்டி. உன் பேரு இருக்கு. பொம்பளப்பிள்ள பேரத் தீயில போடலாமா?"

குப்பையிலும் போடக்கூடாது. அதற்கும் சாமி படம்தான் காரணம். காய்கறிக் கடைக்குச் சும்மா கொடுத்துவிடலாம் என்று சித்தப்பா ஒருவர் யோசனை சொன்னார். கொடுத்தால் ஆயிரம் வீட்டுக்குக் கத்தரிக்காயோடு என் பெயரும் போகும். அப்பா முடிவு சொன்னார்.

"ஓடுத தண்ணியில விட்டுருவோம். அதுல தோஷம் கிடையாது."

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். கிழிந்த சாமி படம், உடைந்த விளக்கு, பழைய மாலை, பூஜை முடிந்த பொருள் எதையும் மிதிபடுகிற இடத்தில் போடமாட்டார்கள், எரிக்கவும் மாட்டார்கள். ஓடுகிற தண்ணீரில் விடுவார்கள். ஓடுகிற தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று கேட்கிற வழக்கம் மட்டும் கிடையாது. ஒரே சிக்கல், எங்கள் ஊரில் ஓடுகிற தண்ணீர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கரிவலம்வந்தநல்லூர் பக்கத்து ஆற்றில் அப்போது ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஆகவே ஆயிரம் பையும் என் கட்டிலுக்கு அடியில் தண்ணீருக்காகக் காத்திருந்தன. கல்யாணம் நின்றதைவிட, அந்தப் பைகளுக்கு மேலே படுத்துத் தூங்கியதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

மார்கழி பிறந்ததும் மழை வெளுத்து வாங்கியது. தென்மாவட்டமே மிதந்த மழை அது. மழை விட்டு வானம் வெறித்த மறுநாள் அப்பா தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, மொபெட்டில் நான்கு நடையாகப் பைகளைக் கொண்டுபோய்ப் பாலத்தின் மேலிருந்து ஆற்றில் விட்டார். சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதும் எல்லாம் முடிந்தது என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த வரன்களிடம் அப்பா உண்மையைச் சொன்னார். ஏழு வரன் வந்தது. ஏழும், யோசித்துச் சொல்கிறோம் என்று போனது. இன்றைக்கு வரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டாவது வரன் சுடலைராஜ். வாசுதேவநல்லூர், மின்வாரியத்தில் லைன்மேன், வயது முப்பத்து மூன்று. இந்தத் தடவை அப்பா தரகரிடம், பெண்ணுக்கு இதற்கு முன்னால் எந்தப் பேச்சும் நடக்கவில்லை, படிப்பு வேலை என்று தள்ளிப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். அம்மா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எனக்குச் சுடலைராஜைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று, உங்கள் தெருவில் ஏன் இத்தனை வயர் இவ்வளவு தாழ்வாகப் போகிறது என்று வருத்தத்தோடு கேட்டார். இரண்டு தடவை போனில் பேசினோம். இரண்டு தடவையும் உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் எட்டாவதும் போய்விடும் என்று அம்மா அடுக்களையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். மறைத்துக் கட்டிக்கொண்டால், ராயகிரிக்காரர் எவரைப் பார்த்தாலும் காலம் பூராவும் நான் தெரு மாறிப் போகவேண்டும். இதுதான் என் நிலைமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுடலைராஜும் அவருடைய அம்மா முப்பிடாதியம்மாளும் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். முறைக்குப் பத்துப் பேர் வரவேண்டும். பூ வைக்கிறதுக்கு எதற்குக் கூட்டம், நிச்சயத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று முப்பிடாதியம்மாள் சொல்லிவிட்டார். வாட்டசாட்டமான ஆள். புருஷன் செத்து இருபது வருடமாகத் தனியாக நின்று வயல் பார்க்கிறவர். கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, பூப்பந்தைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டார். நல்ல நேரம் பத்தே முக்காலுக்கு. மாமியார் கையால் பூ வைத்துவிட்டால் பிறகு பேச்சு மாறாது. நான் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தரைக்கு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண், கையில் நீளமான நோட்டு. பின்னால் தோளில் சாக்கோடு எழுபதை நெருங்குகிற ஒருவர். உப்பு வாடை அவர்களுக்கு முன்னால் உள்ளே வந்தது. அப்பா எழுந்து வேகமாகப் போனார்.

"கருவாடு வேண்டாம். உள்ள நல்ல காரியம் நடக்கு."

"நாங்க யாவாரத்துக்கு வரல அண்ணாச்சி" என்றார் அந்தப் பெண். நோட்டைப் பார்த்து வாசித்தார். "மகாராஜன், மாடத்தி வீடு இதானே? பிரஸ்ஸுல இஸ்மாயில் பாய் அடையாளம் சொன்னாவ."

"எதுக்கு?"

"ஒரு கணக்கெடுப்பு."

அப்பா கதவைச் சாத்தப் போனார். உள்ளேயிருந்து முப்பிடாதியம்மாள் குரல் கொடுத்தார்.

"வேகாத வெயில்ல வந்திருக்காக, உக்காரச் சொல்லுங்க அண்ணாச்சி. நல்ல காரியத்தன்னைக்கு ஆளத் திருப்பி அனுப்பப்படாது."

சம்பந்தி ஆகப்போகிறவர் சொல்லி மறுக்க முடியாது. இருவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சாக்கு நடுவீட்டில் உட்கார்ந்தது. அதன் வாய் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் பிரகாசி. வைப்பாறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்து ஊர். கூட வந்தவர் அவருடைய மாமனார் சந்தியாகு, நண்டு வலை போடுகிறவர். பிரகாசி வந்த விஷயத்தைச் சொன்னார். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்திலிருந்து படித்த பிள்ளைகள் ஊருக்கு வந்து, கடலில் கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பற்றி மீனவர்களுக்கு என்ன விழிப்புணர்வு இருக்கிறது என்று வீடு வீடாக நாற்பது கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

"பிளாஸ்டிக் கெடுதலான்னு கேட்டாவ. கெடுதல்னோம். கடல்ல போடுவியளான்னு கேட்டாவ. தண்ணி பாட்டில், அறுந்த வலைன்னு எங்க மேலயும் தப்பு உண்டு, அதையும் மறைக்காம சொன்னோம். பெறவு ரிப்போர்ட் வந்துச்சு. 'மீனவ மக்களின் விழிப்புணர்வு நடுத்தரம்'னு எழுதிட்டாவ. நடுத்தரம்! எங்க மாமா காலையில வலையை இழுத்தா நண்டு நாலு, பை நாப்பது. அந்த மனுசனுக்கு விழிப்புணர்வு நடுத்தரமாம்."

சந்தியாகு தலையை ஆட்டினார். தனக்கு நடுத்தரம் போட்டது அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரிந்தது.

"இப்ப ஊருக்கே மூணு நாள் வகுப்பு வச்சிருக்காவ, கடல்ல பிளாஸ்டிக் போடாம இருக்கது எப்படின்னு. மூணு நாள் தொழிலுக்குப் போவப்படாது. வியாழக்கிழம அதிகாரி வாராவ. அதான் எங்க மகளிர் குழுவுல நாங்களே ஒரு கணக்கெடுப்பு போட்டோம். வலையில வந்த பைய எல்லாம் அலசிக் காயவச்சு, ஊர்ப்பேரு பாத்துப் பிரிச்சோம். எந்த ஊருன்னு எழுதியிருக்கோ அந்த ஊருக்கே போயி, அவங்ககிட்ட கேள்வி கேக்கோம்."

"நல்லாத்தான் இருக்கு. கேளும்மா" என்றார் முப்பிடாதியம்மாள். அவருக்கு நேரம் போகவேண்டியிருந்தது. அப்பா சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விகள் சீக்கிரம் முடிந்தால் சாக்கைத் திறக்காமலே அனுப்பிவிடலாம் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது.

"ஒண்ணாவது. உங்க ஊர் ஆத்துத் தண்ணி எங்க போவுது?"

"போகுது" என்றார் அப்பா.

"எங்க?"

முப்பிடாதியம்மாள்தான் பதில் சொன்னார். "குளத்துக்குப் போகும். குளம் பெருகினா மறுகால் பாயும்."

"மறுகால் பாஞ்சு?"

"அடுத்த குளத்துக்கு."

"அதுக்குப் பெறவு?"

"அதுக்கும் அடுத்த குளத்துக்கு."

"எல்லாக் குளமும் பெருகிட்டா?"

முப்பிடாதியம்மாள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். இருபது வருடமாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். எல்லாக் குளமும் பெருகினால் தண்ணீர் எங்கே போகும் என்று அவர் யோசித்ததில்லை போலிருக்கிறது; அது வைப்பாற்றில் போய்ச் சேரும் என்று எனக்கும் அன்றுவரை தெரியாது. பிரகாசி நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'குறைவு' என்று எழுதியிருந்தது.

"ரெண்டாவது. ஆத்துல விட்ட சாமான் எங்க சேரும்?"

"சாமிகிட்ட" என்றார் அப்பா.

சந்தியாகு அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "எங்கிட்ட வருது அண்ணாச்சி."

சொல்லிவிட்டு, கேட்காமலே சாக்கின் கயிற்றை அவிழ்த்து மேலே கிடந்ததை எடுத்து விரித்தார். வெளுத்த மஞ்சள். சாமி முகம் போய்விட்டது. எழுத்து போகவில்லை. இஸ்மாயில் அண்ணாச்சி தரமான மைதான் போட்டிருக்கிறார்.

"அந்த வெள்ளத்துக்குப் பெறவு ஆறு மாசம் இதுதான் வந்துச்சு, இப்பவும் ஒண்ணு ரெண்டு வருது, இந்தச் சாக்கு பூரா இதுதான்" என்றார் பிரகாசி. "வலையில அப்பிக்கிடும். வலை செவரு மாதிரி நின்னு, நீரோட்டத்துல கிழிஞ்சு போவும். பாறையில ஒரசி இது நைஞ்சு பஞ்சு பஞ்சாப் போயிரும் பாத்துக்கிடுங்க. மீனை அறுத்தா வயித்துல மஞ்சப் பஞ்சு. எங்க ஊர்ல சின்னப்பிள்ளைக்குக் கூட இந்த ரெண்டு பேரு மனப்பாடம். காசிராஜன் சங்கரேஸ்வரி. ஆரம்பத்துல வைஞ்சோம். பெறவு பழகிட்டு. இந்நேரம் பிள்ள பொறந்திருக்கும்னு எல்லாம் பேசிக்கிடுவோம்." சொன்னவர் என்னையும், என் பட்டுச்சேலையையும், எதிரே வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "காசிராஜன் நீங்கதானா தம்பி?"

"நான் சுடலைராஜ்" என்றார் அவர்.

முப்பிடாதியம்மாள் கையை நீட்டிப் பையை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எழுத்துக்கூட்டி வாசித்தார். தேதியையும் வாசித்தார்.

"அது வேற சங்கரேஸ்வரி மதினி" என்றார் அப்பா. "கோவில் இருக்க ஊரு. தெருவுக்கு நாலு சங்கரேஸ்வரி உண்டு."

அதில் பொய் இல்லை. என் வகுப்பிலேயே ஐந்து பேர் இருந்தோம்.

"மகாராஜன், மாடத்தின்னு போட்டிருக்கே?"

"வேற மகாராஜன்."

"வேற மாடத்தியா?"

"அவளுந்தான்."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரகாசிக்கு ஏதோ புரிந்துவிட்டது. கெட்டிக்காரப் பெண். அவசர அவசரமாக நோட்டை மூடினார்.

"வீடு மாறி வந்துட்டோம் போல மாமா. எந்திரிங்க."

சந்தியாகு எழுந்திருக்கவில்லை. அவருக்குச் சூதுவாது தெரியவில்லை. "நேத்துல இருந்து பதினாலு எடம் ஏறி எறங்கியாச்சு அண்ணாச்சி" என்றார். "ஜவுளிக்கட, பாத்திரக்கட, கல்யாண வீடு, சடங்கு வீடு. பேரு இருக்கு, போன் நம்பர் இருக்கு. ஆனா எல்லாரும் எங்கது இல்லேன்னுட்டாவ. ஒத்த ஆளு எங்களுதுதான்னு கையெழுத்துப் போட்டாப் போதும். வியாழக்கிழம அந்தத் தாளக் காட்டிருவேன். இல்லேன்னா நாங்க போட்டதுன்னுதான் இருக்கும்." அவர் பையை மடித்து மறுபடி சாக்கில் வைத்தார், மடிப்புக் கலையாமல், அயர்ன் பண்ணின துணியை வைப்பதுபோல.

கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். கட்டி முடித்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். முப்பிடாதியம்மாள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் பேச்சுக்குப் பேச்சு பதில் இருக்கிறது. பூ வைத்துவிடுவார்கள். அப்பாவின் நெற்றி வியர்வை காதோரமாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால், அந்த நேரத்தில் எல்லார்மேலும்தான். ஓடிப்போனவன் பெயரைக் கேட்டு இவர்கள் ஏன் வியர்க்க வேண்டும்? நாங்கள் விட்டெறிந்ததைச் சுமந்துகொண்டு அந்தக் கிழவர் ஏன் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும்?

"அது என் பைதான்" என்றேன்.

அம்மா, "ஏட்டி" என்றாள்.

நான் எழுந்து பிரகாசியிடம் நோட்டை வாங்கினேன். கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. பெயர், ஊர், பையிலுள்ள பெயருக்கு என்ன உறவு, எப்படித் தண்ணீருக்குப் போனது, கையெழுத்து. என் அலுவலகப் படிவத்தைவிட ஒழுங்காக இருந்தது. உறவு என்ற கட்டத்தில் 'நானேதான்' என்று எழுதினேன். எழுதிக்கொண்டே முப்பிடாதியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காசிராஜன், கோயம்புத்தூர், ஆயிரம் பை, கட்டிலடி, பாலம், ஏழு வரன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதை மூடி வைக்கத்தான் சத்தியம் வரைக்கும் போனோம் என்று நினைக்கையில் எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்பா சிரிக்க முயன்றார்.

"அவ சொல்லுதத நம்பாதீக மதினி. அவளுக்கு அப்பப்ப இப்படித்தான். மூளை நெலையா நிக்காது. என்னத்தையாவது உளறுவா."

நின்றுபோன கல்யாணத்தை மறைக்க, கல்யாணப் பெண்ணைப் பைத்தியமாக்கிவிட்டார். வரன் பேசுகிற இடத்தில் இரண்டில் எது பெரிய குறை என்று அவர் யோசிக்கவில்லை. அதை நினைத்து இன்றைக்குச் சிரிக்க முடிகிறது. அன்று சிரிக்க முடியவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா பார்க்கக் கூட்டிப் போன அப்பா அவர். என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து அதைச் சொன்னார். என் கையெழுத்துக் கோணலாக விழுந்தது.

சுடலைராஜ் என்னைப் பார்த்தார். "ரெண்டு தடவ போன்ல பேசினோம்லா. அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்ல நெனச்சேன். சத்தியம் வாங்கிட்டாங்க."

"யாரு?"

"நான்தான்யா" என்றாள் அம்மா.

சுவரை விட்டு நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அம்மா ஆள் கூடுகிற இடத்தில் பேசமாட்டாள். பெண் பார்க்க வந்த அன்றுகூட 'வாங்க' என்றதோடு சரி. "எம் பிள்ளைக்கு மூளை நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நாங்கதான் கெட்டுப் போயிட்டோம். நான்தான் சத்தியம் வாங்கினேன். பையும் எங்களுதுதான். ஏட்டி, எங்கன போடணும்?"

விரல் வைத்துக் காட்டினேன். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். உறவு என்ற கட்டத்தில் 'அம்மா' என்று எழுதிவிட்டு, கையெழுத்துக் கட்டத்தில் மா, ட, த், தி என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினாள். பிரகாசி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க வந்து கெடுத்துட்டோமே தங்கச்சி. தாளைக் கிழிச்சிருதேன்."

"கிழிச்சா நடக்கிறதே வேற" என்றேன்.

முப்பிடாதியம்மாள் அப்பாவைக் கேட்டார். "ஏன் மறைச்சீக?"

"சொன்னா வந்திருப்பீகளா?"

முப்பிடாதியம்மாள் தன் வெற்றிலைப்பெட்டி மூடியைத் திறந்தார், மூடினார். நன்றாக யோசித்துவிட்டு, "வந்திருக்க மாட்டேன்" என்றார்.

அப்பா அன்று பேசியதில் அந்த ஒரு பேச்சுத்தான் சரியாக இருந்தது. அதற்கும் பலன் இல்லை. மணி பத்தே முக்கால் தாண்டிவிட்டது. முப்பிடாதியம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, பூவின் மேல் வாழையிலையை மூடினார். எட்டாவதும் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. முதல் தடவை காசிராஜன் போனபோது இப்படி வலிக்கவில்லை.

சுடலைராஜ் நோட்டுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிரகாசியிடம், "எங்க ஊருப் பை ஏதும் இருக்காக்கா?" என்று கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"வாசுதேவநல்லூர்."

பிரகாசி பக்கத்தைப் புரட்டினார். "வீட்டு விசேஷம் அஞ்சு. ஜவுளிக்கட பை பதினொண்ணு. அடுத்த ஞாயித்துக்கிழம அங்கதான் வாரோம்."

"வாங்க. நான் கூட வாரேன். வீடெல்லாம் எனக்குத் தெரியும், மீட்டர் நம்பரே தெரியும்."

"ஏலே" என்றார் முப்பிடாதியம்மாள்.

"என்னம்மா?"

"எந்திரிக்கிற உத்தேசம் இருக்கா?"

"இல்ல" என்றார் சுடலைராஜ்.

அவர் அதைச் சொன்ன விதம், கம்பத்தில் ஏறியவர் வேலை முடியாமல் இறங்க முடியாது என்று சொல்வதுபோல இருந்தது. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. முப்பிடாதியம்மாள் மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னை, பிறகு அம்மாவை. கடைசியாக, சுவரைப் பார்த்து நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்க திரும்புங்க. கல்யாணம் நின்னது உங்க குத்தமும் இல்ல, இந்தப் பிள்ள குத்தமும் இல்ல. பிள்ள உள்ளதச் சொல்லிட்டா. பெத்தவளும் சொல்லிட்டா. ஆனா நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நான் உக்காந்து பேச வேண்டியது உங்ககிட்டத்தான். பெத்த பிள்ளையப் பைத்தியம்னு சொன்ன வாய நான் எத வச்சி நம்ப?"

அப்பா திரும்பினார்.

"பையில உங்க பேரும் போட்டிருக்கு" என்றார் முப்பிடாதியம்மாள். நோட்டை எடுத்து, பேனாவை நடுவில் வைத்து, அப்பா பக்கம் தள்ளினார். "நீங்க எழுதுங்க. பெறவு நான் பூ வைக்கேன்."

அப்பா கீழே உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடினார். அது அவர் சட்டைப்பையில்தான் இருந்தது, யாரும் சொல்லவில்லை. கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். பெயர் என்ற கட்டத்தில் மகாராஜன். ஊர் என்ற கட்டத்தில் சங்கரன்கோவில். எப்படித் தண்ணீருக்குப் போனது என்ற கட்டம் போதாமல் கோட்டுக்கு வெளியே வந்து எழுதினார். 'சாமி படம் இருந்ததால் ஆற்றில் விட்டேன். கடலுக்குப் போகும் என்று தெரியாது.' எழுதியவர் அதைத் தானே ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுச் சந்தியாகுவை நிமிர்ந்து பார்த்தார். "தெரியாது அண்ணாச்சி" என்று வாயாலும் சொன்னார். சந்தியாகு, "இப்பத் தெரிஞ்சிட்டுல்லா" என்றார்.

நடுவில் ஒரு கட்டத்தை அப்பா விட்டுவிட்டார். பிரகாசி அதன்மேல் விரலை வைத்தார். பையிலுள்ள பெயருக்கு என்ன உறவு.

அந்தக் கட்டத்தின் மேல் பேனா நின்றது. வெகுநேரம் நின்றது. காசிராஜனுக்கு ஒரு பதிலும் எனக்கு ஒரு பதிலும் எழுத வேண்டுமோ என்று குழம்புகிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அவர் தோள் குலுங்கியபோதுதான் அழுகிறார் என்று தெரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வருடமாக அவர் என் பக்கத்தில் சரியாக உட்கார்ந்ததுகூட இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

'என் மகள். நல்ல புத்தி உள்ளவள்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியும் போட்டார்.